பொம்மைக்கு ஒரு ஊர்

எதிர்வீட்டுப் பையனிடம் ஒரு ஸ்பைடர்மேன் இருக்கிறான். ஆறு அங்குல உயரம். கழுத்து, முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் மடங்கும். சென்னை மாமா வாங்கிக் கொடுத்தது. ரொம்ப நாள் டி.வி. அலமாரியில், மாத்திரை அட்டைகளுக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தான். இப்போது அவனுக்கென்று ஒரு தெருவே வந்துவிட்டது.

காஞ்சிபுரத்தை ஒட்டிய எங்கள் திருப்பருத்திக்குன்றத்தில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. பையனின் அப்பாவும் பட்டுத் தறிக்காரர்தான். புடவை டிசைன் மாறும்போது பழைய ஜக்கார்டு அட்டைகளைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவார். அட்டை நெடுக வரிசை வரிசையாகத் துளைகள். அவற்றை நிறுத்திவைத்து, பின்னால் ஒரு சின்ன விளக்கைப் போட்டிருக்கிறான் பையன். மாடிக் கட்டடத்தில் ராத்திரி ஜன்னல்கள் எரிவது போலவே இருக்கிறது. தார் சுற்றும் குச்சிகள் விளக்குக் கம்பங்கள் ஆகிவிட்டன. ஸ்பைடர்மேனின் வலை, அறுந்த பட்டு இழை. நியூயார்க்கில் இருப்பவனுக்குக்கூட அசல் பட்டில் வலை கிடைத்திருக்காது.

இந்த யோசனையை அவன் எங்கே பிடித்தான் என்று விசாரித்தேன். போனில் ஏதோ வீடியோ பார்த்திருப்பான் என்று நினைத்தேன். அதுவும் உண்டுதான். ஆனால் தொடங்கி வைத்தது அவனுடைய ஆயா. "பொம்மைய வாங்கி நிக்க வெச்சா ஆச்சா? அதுக்கு ஒரு ஊரு வேணாமாடா?" என்று கேட்டிருக்கிறார். வருஷா வருஷம் கொலு வைக்கிற கை அது.

பொம்மைக்கு இப்படி ஊர் கட்டுவதை உலகெங்கும் டயோரமா என்கிறார்கள். 1822இல் பாரீஸில் தாகேர் திறந்த காட்சிக்கூடத்தின் பெயர் அது. பெரிய திரையில் ஓவியம். அதன்மேல் விளக்கொளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சி, பகலை இரவாக்கிக் காட்டினார். பிற்பாடு புகைப்படக்கலையின் முன்னோடி என்று பேர் வாங்கியவரும் அவர்தான். 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று இந்த மடங்கும் பொம்மைகளைச் சொல்வது இன்னும் புதிசு: 1964இல் ஹாஸ்ப்ரோ கம்பெனி ஜி.ஐ. ஜோவைக் கொண்டுவந்தபோது, ஆண்பிள்ளைகள் பொம்மை என்றால் வாங்கமாட்டார்கள் என்று பயந்து வைத்த பெயர். நம் ஊரில் அந்தப் பயம் கிடையாது. வேஷ்டி கட்டின தாத்தாக்கள் நாற்காலி மேல் ஏறி நின்று பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்குகிறார்கள்.

சேகரிப்பாளர்கள் இதில் கணக்கு பார்ப்பார்கள். ஆறடி ஆள் ஆறு அங்குலம் என்றால், ஓரடிக்கு ஓரங்குலம். ஏழடிக் கதவு ஏழு அங்குலம், ஒன்பது அங்குலச் செங்கல் முக்கால் அங்குலம். தெர்மாகோலில் பால்பாயிண்ட் பேனா முனையால் கோடு கீறினால் செங்கல் சுவர் வந்துவிடும். ஸ்ப்ரே பெயின்டை நேராக அடித்தால் தெர்மாகோல் கரைந்து குழிவிழும். முதலில் ஃபெவிகால் பூசிக் காயவிட வேண்டும். சுவர் புதுசாகப் பளபளத்தால் அழகில்லை. கறுப்பும் பழுப்பும் கலந்து, தண்ணீராகக் கரைத்து, இடுக்குகளில் ஓடவிட்டுத் துடைத்தால்தான் மழை பார்த்த சுவர். காய்ந்த தேயிலைத் தூள் சருகாகும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்களுக்குக் கதவு ஓரங்குலம் பிசகினாலும் தூக்கம் வராது.

கொலுவின் பார்க்கில் இந்தக் கணக்கு செல்லாது. படிக்கட்டுக்கு ஒழுங்கு உண்டு: ஒற்றைப்படை எண்ணிக்கை, மரப்பாச்சிக்கு முதல் மரியாதை, மேலே தெய்வங்கள், கீழே மனிதர்கள். தரையில் போடுகிற பார்க் பிள்ளைகளின் ராஜ்ஜியம். கேழ்வரகோ கடுகோ தூவித் தண்ணீர் தெளித்தால் சில நாளில் புல்வெளி. முகம் பார்க்கும் கண்ணாடி குளம், செங்கல்லும் மண்ணும் மலை, சாயம் ஏற்றிய மரத்தூள் சாலை. கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் செட்டியார் கடை போட்டிருப்பார். அவரைவிடப் பெரிய வாத்து குளத்தில் மிதக்கும். யாரும் குறை சொன்னதில்லை. எங்கள் பக்கத்து கருட சேவை செட்டைப் பாருங்கள்: பெருமாளும் கருடனும் பெரிசு, தோள் கொடுக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள் சிறிசு. ஒரே அளவு வேண்டும் என்பது கேமராவின் கண்டிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. பொம்மையைப் படம் பிடித்து நிஜம்போலக் காட்ட ஆசைப்படுகிறவருக்கு அது தேவை. கொலுவுக்கு வருகிறவர் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறார். அவருக்கு யார் முக்கியம் என்று தெரிந்தால் போதும்.

இதே நியாயத்தை எங்கள் ஊர்க் கோயிலில் அண்ணாந்தும் பார்க்கலாம். சமணத் தீர்த்தங்கரர் வர்த்தமானருக்கான திரைலோக்கியநாதர் கோயிலில், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88இல் கட்டிய சங்கீத மண்டபம் இருக்கிறது. அதன் விதானத்தில் பிற்கால ஓவியர்கள் ரிஷபதேவர், வர்த்தமானர், நேமிநாதர் வரலாறுகளைப் பட்டை பட்டையாகத் தீட்டியிருக்கிறார்கள். நேமிநாதர் கண்ணனுக்கு உறவுமுறை என்பதால் கண்ணன் கதையும் மேலே ஓடுகிறது. கீழே தமிழில் விளக்க வரிகள். 1934இல் டி.என். ராமச்சந்திரன் சென்னை அருங்காட்சியக வெளியீடாக இந்தக் கோயில்களைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

அங்கே எனக்குப் பிடித்தது சமவசரணம். தீர்த்தங்கரர் ஞானம் பெற்றதும் அவர் உபதேசம் செய்ய இந்திரன் ஆணைப்படி குபேரன் கட்டித்தரும் சபை அது. நாலு திசையிலும் வழி, வழிக்கொரு மானஸ்தம்பத் தூண், மதில்கள், நடுவே தீர்த்தங்கரர் அமரும் கந்தகுடி. சுற்றிப் பன்னிரண்டு பகுதிகள்: தேவர்களுக்கு, துறவிகளுக்கு, மனிதர்களுக்கு, ஒன்று விலங்குகளுக்கும்கூட. அங்கே பகை மறந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும். வந்தவர்கள் எல்லோருக்கும் இடம் ஒதுக்கியாகிவிட்டது; யார் எங்கே என்பதில் குழப்பமே இல்லை. பார்க் போட்டுப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும்.

ஓவியத்தில் நிற்காமல் இதைப் பொம்மையாகவே செய்தவர்களும் உண்டு. ராஜஸ்தானில் அஜ்மீரின் சோனிஜி கி நசியான் என்ற சமணக் கோயில் 1865இல் கட்டப்பட்டது. அங்கே இரண்டு மாடி உயரக் கூடம் ஒன்றில் ரிஷபதேவரின் வாழ்க்கை தங்க முலாம் பூசிய மரச் சிற்பங்களாக நிற்கிறது. அயோத்தி, மேரு மலை, ஊர்வலங்கள், மேலே தொங்கும் வானூர்திகள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும். திருப்பருத்திக்குன்றம் விதானத்தில் சாயமாக இருக்கும் அதே கதைதான் அங்கே பொன்னாக நிற்கிறது. தங்கத்தில் அது கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்; கண் எங்கேயும் தங்காமல் வழுக்குகிறது.

சின்ன காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு இருக்கிறது. களிமண்ணும் காகிதக் கூழும் அச்சில் அழுத்தி, முன்பாதி பின்பாதியாக எடுத்து ஒட்டி, காயவைத்து வர்ணம் தீட்டும் குடும்பங்கள். 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள், வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தடியில் இருக்கும் அத்திவரதர் வெளியே வந்தார். அந்த நவராத்திரிக்கே சயனக் கோலத்திலும் நின்ற கோலத்திலும் பொம்மைகள் வந்துவிட்டன. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பொம்மையோடு விடாமல், பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் ஊற்றி அந்தக் குளமும் கட்டினார்கள். சாக்பீஸ் துண்டுகளில் நீராழி மண்டபம். தூண் ஒன்று தினமும் ஊறிக் கரைய, தினமும் புதுசு மாற்றினார்கள். வந்தவர்கள் பொம்மையைக் கும்பிட்டார்கள், மண்டபத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

இப்போது பார்க்கையே செட்டாக விற்கிறார்கள். சுருட்டி வைக்கிற பிளாஸ்டிக் புல், பட்டனைத் தட்டினால் ஓடும் நீர்வீழ்ச்சி, ஒட்டியே வரும் மரங்கள். நேரமில்லாதவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் வாங்கின ஊரில் பிள்ளைகளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுப் போனை எடுத்துக்கொள்கிறார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். நவராத்திரிக்கு முன் காஞ்சிபுரம் பக்கம் வந்தால், பொம்மைக்காரத் தெருவில் உங்களுக்குப் பிடித்த ஒன்றிரண்டு பொம்மைகளை வாங்குங்கள். ஊரை மட்டும் வாங்காதீர்கள். மண்ணையும் கேழ்வரகையும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள். பேட்மேனோ ஸ்பைடர்மேனோ குறுக்கே வந்தால் வரட்டும். அப்படியே திருப்பருத்திக்குன்றம் வரை வந்து அந்த விதானத்தையும் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் வாருங்கள். ஃபிளாஷ் போட வேண்டாம். கழுத்து கொஞ்சம் வலிக்கும்.