பிழைத்தவளின் உடல்

2000ஆம் ஆண்டு யூலை மாதம் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரிலே நடைபெற்ற அனைத்துலக எயிட்ஸ் மாநாட்டு மேடையில் பதினொரு வயதுச் சிறுவனொருவன் ஏறி நின்றான். எச்.ஐ.வி. கிருமியோடு பிறந்த நிக்கோசி ஜோன்சன் அவன். வயதுக்கேற்ற வளர்த்தி அவனிடம் இல்லை. அணிந்திருந்த உடையினுள்ளே உடல் ஒடுங்கிக் கிடந்தது. மறு ஆண்டு யூன் முதலாந் திகதி அவன் இறந்தான். இவ்வாறு பிறந்த குழந்தைகளைக் குறித்து அக்காலத்திற் கேட்கப்பட்டதெல்லாம், இன்னும் எத்தனை நாள் என்பதே.

அவ்வாறு கேட்டதிலே பிழையில்லை. சிகிச்சை கிடையாதவிடத்து இக்குழந்தைகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் இரண்டு வயதை எட்டுவதில்லை. தென்னாபிரிக்காவின் அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்து பரவலாக வழங்கப்படத் தொடங்கியது 2004இலேதான். ஜொகானஸ்பேர்க்கிலும் கேப்டவுணிலும் நடத்தப்பெற்று 2008இல் வெளியான ஆய்வொன்று, நோயறிகுறி தோன்றும்வரை காத்திராது சிசுப்பருவத்திலேயே மருந்தைத் தொடங்கினால் இறப்பு 76 வீதத்தால் குறைகின்றதென நிறுவிற்று.

2003இல் ஜொகானஸ்பேர்க்கிலே பிறந்து, அம்முதல் மருந்துகளால் உயிர் தப்பிய ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். அவள் பெயர் யாதாயினும் ஆகுக. அவளைப் போன்றோர் பலர். லொபினாவிரும் ரிற்றொனாவிரும் சேர்ந்த பாணியே அவளுக்கு முதலில் ஊட்டப்பட்டது. நூற்றுக்கு நாற்பத்திரண்டு பங்கு மதுசாரங் கலந்த, சகிக்கவொண்ணாத கசப்பு அது. நாவிலே நிலக்கடலை வெண்ணெயைத் தடவி, அழுகையின் நடுவே பாட்டி அதனைப் புகட்டியிருப்பாள். கூடவே ஸ்ராவுடின் என்னும் மருந்தும் கொடுக்கப்பட்டது. கிருமியை அடக்கிய அம்மருந்து, கொழுப்புக் கலங்களின் இழைமணிகளையும் சிதைத்தது. கன்னமும் கைகால்களும் வற்றின. வீட்டார் மறைத்து வைத்த செய்தியை முகமே ஊருக்குச் சொல்லிற்று. ஸ்ராவுடினைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் 2009இல் அறிவுறுத்தியது. ஆயினும் வற்றிய கன்னம் எளிதில் நிரம்புவதன்று.

உயிர் காத்த மருந்தைப் பழிப்பது நன்றிகேடு. எனினும் அதன் விலையைக் கணக்கிடுவது நன்றிகேடாகாது. லொபினாவிர் குருதியிலே முக்கிளிசரைட்டையும் கொலஸ்திரோலையும் உயர்த்த வல்லது. இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்க மறுக்கும் நிலையும் இவ்விளைஞரிடையே காணப்படுகின்றது. குருதியிற் கிருமி தென்படாதபோதும் உள்ளே அழற்சி முற்றாகத் தணிவதில்லை. நடுவயதிலே தொற்றுக்குள்ளானவருடைய நாடிகள் இதனைச் சில ஆண்டுகளே தாங்குகின்றன. இவளுடையனவோ பிறந்த நாளிலிருந்து தாங்கி வருகின்றன.

2019இன் இறுதியிலிருந்து தென்னாபிரிக்காவில் டொலுற்றெகிராவிர் வழங்கப்படுகின்றது. நல்ல மருந்து, நாளொன்றுக்கு ஒரு குளிசை போதும். ஆனால் ஜொகானஸ்பேர்க்கிலே நடந்து அதே ஆண்டில் வெளியான ஆய்வு, இதனை உட்கொண்டோரின் எடை கூடுவதையும், பெண்களிடத்தே அது மிகுவதையும் காட்டியது. பழைய மருந்து எடையை அடக்கி வைத்திருந்தமையே வேறுபாட்டின் ஒரு பகுதிக்குக் காரணம் என்போரும் உளர்.

மெலிவைக் கண்டாலே எயிட்ஸ் என்று முணுமுணுத்த சமூகம் அது. ஆகவே பேர்த்தியின் உடல் பருப்பதைக் கண்டு பாட்டி மகிழ்கின்றாள். கிளினிக்கிலோ தாதி தராசைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கி, பாணையும் சீனிப் பானங்களையும் குறைக்கச் சொல்கின்றாள். மலிவாகக் கிடைப்பவை அவைதாமே! 2018இல் சீனிப் பானங்களுக்கு வரி விதிக்கப்பட்டமை ஓரளவு உதவலாம். மரக்கறியின் விலையை அது குறைக்கவில்லை. இருவருக்கும் இடையே நிற்பவள், கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டுக் குளிசைப் போத்தலைத் திறவாது வைக்கும் இரவொன்று வருமாயின், அதனைத் தராசு காட்டாது.

இருதய நோயின் வாய்ப்பை மதிப்பிட வைத்தியர் கையாளும் ஃபிராமிங்ஹாம் அட்டவணை முப்பது வயதிலேதான் தொடங்குகின்றது. அமெரிக்க நகரொன்றின் மக்களைக் கொண்டு வகுக்கப்பட்டது அது. இக்கிருமியோடு பிறந்தோருள் மூத்தவர்களே இப்போதுதான் நாற்பதுகளில் நடக்கின்றனர். ஐம்பதாவது வயதில் தன் இருதயம் எவ்வாறிருக்கும் என்று அவள் கேட்கின்றாள். சுட்டிக்காட்டுவதற்கு அறுபது வயது மூதாட்டி ஒருத்தியேனும் அவளுக்கு முன்னே இல்லை. தாதி எடையைப் பதிந்து, அடுத்த வருகைக்கான திகதியை அட்டையில் எழுதிக் கொடுக்கின்றாள்.