நிலாவுக்குக் காது கேக்குமா?

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல. (யாரும் தேடலைன்னும் தெரியும், ஹி ஹி.) இன்னிக்கு வழக்கமான மொக்கை கிடையாது மக்களே. கொஞ்சம் சொந்தக்கதை, கொஞ்சம் குற்ற உணர்ச்சி, நடுவுல நாலு உருப்படியான விஷயம். வீட்டுல ரெண்டு மூணு வயசு வாண்டு இருக்கறவங்க மட்டும் பாதியில எந்திரிச்சுப் போயிடாதீங்க.

நமக்குச் சொந்த ஊர் ராஜபாளையம். அக்காவைக் கட்டிக் குடுத்தது பக்கத்துல ஸ்ரீவில்லிபுத்தூர். பன்னெண்டு கிலோமீட்டர் இருக்கும். அத்தானுக்கு மில்லுல வேலைங்கறதால குடித்தனம் ராஜபாளையத்துல, பண்டிகை விசேஷம்னா ஸ்ரீவில்லிபுத்தூர்ல. இவங்களுக்கு ஒரே பையன். எனக்கு மருமகன் முறை, நான் கூப்பிடறது மாப்ள.

2025 பொங்கலுக்குப் போயிருந்தேன். மாப்ளைக்கு அப்போ ரெண்டு வயசு நாலு மாசம். ஒரு வார்த்தை கிடையாது. அழுகை உண்டு, சிரிப்பு உண்டு, 'ஊ...'ன்னு ஒரு சத்தம் உண்டு. தண்ணி வேணும்னா என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி சொம்பு மேல வெச்சுடுவான். என் மூஞ்சியைப் பாக்க மாட்டான். விரலை நீட்டி எதையும் காட்டினது இல்ல.

வீட்டுல கேட்டா ஆளாளுக்கு ஒரு பதில். "ஆம்பளப் புள்ள, மெதுவாத்தான் பேசும்." "வசம்பைச் சுட்டு நாக்குல தடவு, தன்னால வரும்." எங்க அம்மா, "நீயே ரெண்டு வயசுக்கு மேலதான்டா பேசுன, இப்ப வாயை மூட மாட்டேங்குற!" அத்தானோட அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எல்லாரும் அவரை அய்யான்னுதான் கூப்பிடுவோம். அவர் சொன்னா அது தீர்ப்பு. "எங்க வம்சத்துல எல்லாருக்கும் பேச்சு தாமதம். நானே நாலு வயசுலதான் பேசினேன். விடுங்க."

பொங்கல் அன்னிக்கு சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு மொட்டைமாடி. பௌர்ணமிக்கு மறுநாள். பெரிய நிலா. ஆச்சி மாப்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுறாங்க. "அந்தா பாரு, அந்தா பாரு"ங்கறாங்க. அவன் நிலாவையும் பாக்கல, ஆச்சியோட விரலையும் பாக்கல. என் கையில இருந்த செல்போனையே பாத்துட்டு இருந்தான்.

இங்க ஒரு உண்மையை ஒத்துக்கணும். அவனோட முதல் பிறந்தநாளுக்கு டேப்லெட் வாங்கிக் குடுத்த வள்ளல் நான்தான். "மாமா சாப்ட்வேர்ல இருக்கான், பின்ன என்ன வாங்குவான்"னு எல்லாருக்கும் பெருமை வேற. ரெண்டு வயசுக்கு முன்னாடி திரையே வேண்டாம், அதுக்கப்புறமும் அஞ்சு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளதான்னு உலக சுகாதார நிறுவனம் 2019-லயே சொல்லியிருக்கு. நான் படிச்சது 2025-ல. வாங்கும்போது பாத்ததெல்லாம் ரேமும் பேட்டரியும்தான்.

நிலாவைப் பாத்ததும் அய்யாவுக்குப் பாட்டு ஞாபகம் வந்துடுச்சு. "தம்பி, பிள்ளைத்தமிழ்னு ஒரு இலக்கிய வகையே இருக்கு, தெரியுமா? அதுக்கு வழி போட்டுக் குடுத்தது எங்க ஊருக்காரர், பெரியாழ்வார்"னு ஆரம்பிச்சார். (பக்கத்துல பேரன் பேசாம உக்காந்திருக்கான்.) பிள்ளைத்தமிழ்ல பத்துப் பருவம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, அப்புறம் ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். தலையைத் தூக்கி ஆடறது, கை தட்டறது, தளர்நடை போட்டு வர்றது, நிலாவைக் கூப்பிடறதுன்னு குழந்தை எப்போ என்ன செய்யும்னு வரிசை போட்டு வெச்சிருக்காங்க. கேக்கக் கேக்க எனக்கு டெஸ்ட் கேஸ் லிஸ்ட் மாதிரியே இருந்தது. மாப்ளைக்கு மனசுக்குள்ள டிக் போட்டுக்கிட்டே வந்தேன். செங்கீரை ஓகே. நடை ஓகே. சப்பாணி... எப்பவோ கை தட்டுனான், இப்போ தட்டறதில்ல. அம்புலியில மாட்டிக்கிச்சு.

அய்யா அம்புலிப் பாட்டுக்கு அர்த்தம் சொல்லிட்டே போனார். கண்ணன் விரலால சுட்டிக்காட்டி நிலாவைக் கூப்பிடறான், யசோதை நிலாகிட்ட பேசுறா. ஒரு பாட்டுல, வாயில எச்சில் ஊற, தெளியாத மழலையில என் புள்ள கூப்பிடக் கூப்பிட நீ பாட்டுக்குப் போறியே நிலாவே, உன் காதுல ஓட்டையே இல்லையான்னு கேக்கறாளாம்.

அதைச் சொல்லிட்டு அய்யா நிறுத்திட்டார். பேரனைப் பாத்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் திரும்பல. இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்புறம் எந்திரிச்சுக் கீழ போயிட்டார்.

மறுநாள் காலையில காப்பி குடிக்கும்போது என்கிட்ட மெதுவா, "தம்பி, காது சோதனை எங்க பண்றாங்க?"

மதுரைக்குப் போனோம். பேசாத குழந்தைக்கு முதல்ல பாக்க வேண்டியது வாயை இல்ல, காதைத்தான். காதுல சின்னதா ஒரு குழாய் வெச்சு உள்காதோட எதிரொலியை அளக்கறது ஒண்ணு. குழந்தையைத் தூங்க வெச்சுத் தலையில ஒயர் ஒட்டி, சத்தம் மூளை வரைக்கும் போகுதான்னு பாக்கற 'பெரா' இன்னொண்ணு. பஸ்ல வழியெல்லாம் தூங்கிட்டு வந்தவன் அங்க மூணு மணி நேரம் தூங்கல. அக்கா, அத்தான், நான்னு முறை வெச்சுத் தாலாட்டுனோம். கடைசியில நான் பாடினதுல தூங்கிட்டான். (தாங்க முடியாமத்தான்.)

காது நல்லாக் கேக்குதுன்னு ரிசல்ட் வந்துச்சு. அக்கா அங்கேயே அழுதுட்டா. ஒருவேளை கேக்கலைன்னு வந்திருந்தா? அப்பவும் வழி இருக்கு. சென்னையில பால வித்யாலயா 1969-ல இருந்து காது கேளாத சின்னக் குழந்தைகளுக்குப் பேசக் கத்துக் குடுக்குது. ஆறு வயசுக்குள்ளன்னா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் செலவில்லாமப் பண்ணிக்கலாம். எல்லாத்துக்கும் சீக்கிரம் கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான். ஒரு வயசுல மழலைச் சத்தமோ, விரல் நீட்டறதோ, டாட்டா காட்டறதோ இல்ல. ஒண்ணேகால் ஒன்றரை வயசுல ஒரு வார்த்தை இல்ல. ரெண்டு வயசுல சொந்தமா ரெண்டு வார்த்தை சேக்கல. எந்த வயசுலயும் வந்த பேச்சு நின்னு போச்சு. இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாப் போய்ப் பாத்துடணும். நாங்க ஒரு வருஷம் வசம்பு தேச்சுட்டு இருந்தோம்.

பேச்சுப் பயிற்சியாளரா இருந்த அம்மாகிட்ட நான் கேட்ட முதல் கேள்வி, "டேப்லெட்தான் காரணமா?" அவங்க, "அப்படி ஒரே காரணம் சொல்ல முடியாது சார். ஆனா அது பேசிக்கிட்டே இருக்கும். இவன் பதில் சொல்றதுக்காக நிக்காது"ன்னாங்க. எங்களுக்குக் குடுத்த வீட்டுப்பாடம் ரொம்பச் சாதாரணம். அவன் உயரத்துக்கு உக்காருங்க. அவன் எதைப் பாக்கறானோ அதோட பேரைச் சொல்லுங்க. கேட்கறதுக்கு முன்னாடியே எடுத்துக் குடுக்காதீங்க, கண்ணுக்குத் தெரியுற மாதிரி கைக்கு எட்டாம வைங்க. ஏதாவது சொன்னா மனசுக்குள்ள பத்து வரை எண்ணிட்டுக் காத்திருங்க.

அந்தப் பத்து எண்றது எவ்வளவு கஷ்டம்னு பண்ணிப் பாத்தாத்தான் தெரியும். நாங்க எல்லாருமே "தண்ணி வேணுமா? வேணுமா? இந்தா"ன்னு ஒரே மூச்சுல முடிச்சிடுவோம். நம்ம பாஷையில சொன்னா, ரெஸ்பான்ஸ் வர்றதுக்குள்ள டைம் அவுட் ஆக்கிட்டு நாமளே பதிலையும் எழுதிடறது. ரெண்டு வருஷமா "தன்னால பேசுவான்"னு காத்திருந்த குடும்பத்தால பத்து செகண்ட் காத்திருக்க முடியல!

இன்னொரு சந்தேகமும் கேட்டேன். அக்கா வீட்டு மாடியில இருக்கறவங்க தெலுங்கு பேசறவங்க, அவங்க வீட்டுலதான் இவன் பாதி நாள் கிடப்பான். ரெண்டு பாஷையால குழம்பிட்டானோ? அதெல்லாம் கிடையாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டாங்க. அட, எங்க ஊரைப் பாத்தாலே தெரியுமே. என் கூட்டாளிங்கள்ல பாதிப் பேர் வீட்டுல தெலுங்கு, தெருவுல தமிழ். ரெண்டுலயும் கெட்ட வார்த்தை சுத்தமா வரும். :-)

கடைசியாச் சொன்னதுதான் சிக்கல். "மத்த குழந்தைங்களோட விளையாட விடுங்க. பெரியவங்க அவன் முகத்தைப் பாத்தே குடுத்துடுவீங்க. குழந்தைங்க குடுக்க மாட்டாங்க. கேட்டாத்தான் கிடைக்கும்."

விளையாட எங்க போறது? லேசா கொசுவர்த்தி சுத்திக்கறேன். நான் வளர்ந்த தெருவுல சாயங்காலம் ஆனா இருபது பேர் இருப்போம். மூணு வயசுப் பொடிசை 'ஒப்புக்குச் சப்பாணி'யா சேத்துக்குவோம். அவுட் ஆனாலும் அவுட் இல்ல. ஆனா கத்தணும், ஓடணும், சண்டை போடணும். அதுதான் ஸ்பீச் தெரபின்னு யாருக்குத் தெரியும்? இப்போ அதே தெருவுல ரெண்டு பக்கமும் பைக்கும் காரும். நடுவுல ஷேர் ஆட்டோ பறக்குது. பெரிய பையங்களுக்கு மைதானம் இருக்கு, பெரியவங்களுக்கு நடைபாதை இருக்கு, மூணு வயசுக்கு ஒண்ணும் இல்ல.

ரெண்டு தெரு தள்ளி ஒரு இடம் இருந்துச்சு. பால்வாடி. சொன்னதும் வீட்டுல வெடிச்சுது. "பால்வாடிக்கா? நம்ம புள்ளையா?" இதைச் சொன்னது எங்க அம்மா. அக்கா ஒண்ணும் சொல்லல, ஆனா மூஞ்சி சுருங்கிடுச்சு. எனக்கும் உள்ளுக்குள்ள சுருக்குன்னுச்சு, பொய் சொல்லல. சத்துமாவு வாங்கறவங்க பிள்ளைங்க போற இடம்னுதான் நாங்க எல்லாருமே நினைச்சிருந்தோம். எதுக்கு அப்படி நினைச்சோம்னு உங்களுக்கே தெரியும்.

அங்கன்வாடின்னா முற்றம்னு அர்த்தம். 1975 அக்டோபர் 2-ல ஆரம்பிச்ச திட்டம், அம்பது வருஷம் ஆயிடுச்சு. நம்ம மாநிலத்துல மட்டும் அம்பத்து நாலாயிரத்துக்கு மேல மையங்கள். அவங்க பாடத்திட்டத்தோட பேரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. 2013-ல வந்த தேசிய குழந்தைகள் நலத்திட்டத்துல டாக்டர் குழு வருஷத்துக்கு ரெண்டு தடவை அங்க வந்து பாக்கணும். பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம்னு முப்பது வகை. சந்தேகம் இருந்தா மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவாங்க. அதாவது, நாங்க மதுரை வரைக்கும் தேடிப் போனதுக்கு ஒரு வாசல் ரெண்டு தெரு தள்ளியே இருந்திருக்கு. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில, 1981-ல ராமகிருஷ்ணன் ஆரம்பிச்ச அமர் சேவா சங்கம் இன்னும் ஒரு படி மேல. அவங்க பணியாளர்கள் கிராமத்துல வீட்டுக்கே வந்து பயிற்சி குடுக்கறாங்க, அப்பா அம்மாவுக்கும் சேத்து.

ஜூன்ல மாப்ளையைக் கொண்டு போய் விட்டோம். முதல் வாரம் முழுக்க அழுகை. ரெண்டாவது வாரம் ஒரு மூலையில உக்காந்து வேடிக்கை. டீச்சர் அவனை ஒண்ணும் கட்டாயப்படுத்தல. ஜூலையில ஒருநாள் அக்கா கூப்பிடப் போயிருக்கா. வாசல்ல மணல்ல ஒரு பொண்ணு சிவப்பு டப்பாவை வெச்சு மணல் அள்ளிட்டு இருக்கு. மாப்ள கையை நீட்டறான். அது குடுக்கல. 'ஊ'ங்கறான். அது திரும்பிக்கூடப் பாக்கல. மூணாவது தடவை, "தா."

அக்கா ராத்திரி எனக்குப் போன் பண்ணா. சந்தோஷமா ஆரம்பிச்சு, நடுவுல குரல் உடைஞ்சு, "எனக்குச் சொல்லலடா, அந்தப் புள்ளகிட்டதான் சொன்னான்"னா. என்ன சொல்றதுன்னு தெரியல. நானும் பத்து எண்ணிட்டு இருந்தேன்.

இப்போ மூணரை ஆகுது. "அம்மா வா", "மாமா போன் தா" (கஷ்டம்!) வரைக்கும் வந்திருக்கான். அவன் வயசுப் பசங்களை விட இன்னும் பின்னாடிதான். மேற்கொண்டு சோதனைகள் இருக்கு, என்ன சொல்வாங்களோ தெரியாது.

பால்வாடி மதியத்துக்கு மேல கிடையாது. அதனால அத்தான் ஒரு வேலை பண்ணார். வீட்டு முன்னாடி செட்டுல நின்ன ரெண்டு பைக்கையும் வெளிய தள்ளிட்டு, மூணு மூட்டை மணலைக் கொட்டிட்டார். சாயங்காலம் கேட்டைத் திறந்து வெச்சா தெருப் பிள்ளைங்க ஆறேழு பேர் வருதுங்க. அந்தச் சிவப்பு டப்பாப் பொண்ணும் வருது. எங்க அம்மாதான் எல்லாத்துக்கும் முறுக்கு சப்ளை.

போன மாசம் அய்யா வந்திருந்தார். பிள்ளைங்க கட்டுன மணல் வீட்டை மாப்ள காலால எத்திவிட்டான். ஒரே கூச்சல். அய்யாவுக்கு ஒரே சந்தோஷம். "சிற்றில் தம்பி, சிற்றில்! ஆண்டாள் பாடியிருக்கா, எங்க மணல் வீட்டை அழிக்காதேன்னு!"ன்னார். பத்துல எட்டாவது பருவம். டிக் போட்டுக்கிட்டேன்.

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்ல, வெறும் பொட்டி தட்டறவன். சந்தேகம் இருந்தா என்னைக் கேக்காதீங்க, குழந்தையைக் கூட்டிட்டுப் போங்க.

டிஸ்கி 2: டேப்லெட் இப்போ என்கிட்டதான் இருக்கு. சும்மா கேட்டாலும் தர மாட்டேன்.