நெத்தலியும் ஒரு சிறுநூலும்

போன மாரியில ஒரு ஞாயிறு. விடிய விடிய மழை. ஞாயிறு பாடசாலைக்கு மூன்று பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள். அதிலயும் ஒன்றுக்கு மூன்று வயசு, அக்காவுக்குத் துணையா வந்தது. வந்ததும் பாயில சுருண்டு நித்திரை.

இனி என்னால ஏலாது என்று அன்றைக்குப் போதகரிட்ட சொல்லிவிடுவோம் என்ற முடிவோடதான் நான் போயிருந்தேன். என்னோட ஏ.எல். எடுத்தவர்களில ஒருத்தி வந்தாறுமூலையில கம்பஸ் படிக்கிறாள், ஒருத்தன் கட்டாரில. அவர்களுடைய ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டுப் போனை வைக்கிறபோது குச்சவெளி இன்னும் கொஞ்சம் சின்னதாகிப்போன மாதிரி இருக்கும். நான் மட்டும் இங்கே, இரண்டரைப் பிள்ளைக்குக் கலர் பென்சில் பிரித்துக் கொடுத்துக்கொண்டு.

பாடம் ஐந்து அப்பமும் இரண்டு மீனும். எத்தனையோ தடவை சொன்ன கதை. படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்த பெரியவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள், "அக்கா, அந்தப் பொடியனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தது ஆர்? அவன்ர அம்மாவா?"

தெரியாது என்றேன். பைபிளில அந்தப் பொடியனுக்கே பெயர் இல்லை, பிறகு எங்க அம்மாவுக்கு? "அவவும் அந்தக் கூட்டத்தில இருந்தவவா? இல்லாட்டி இப்படி நடந்தது அவவுக்கு எப்பிடித் தெரியும்?" இதுக்கும் என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்தால் மத்தியானச் சாப்பாடு சோறு, பருப்பு, நெத்தலிக் கருவாட்டுப் பொரியல். மாரியில கடல் அடித்தால் எங்கட பக்கம் வள்ளம் இறங்காது. வெயில் காலத்தில அம்மா காயவைத்துக் கட்டி வைத்ததுதான் அப்போது கறி. யோவான் தன்னுடைய சுவிசேஷத்தில அந்த இரண்டு மீனுக்கும் போடுகிற கிரேக்கச் சொல் ஒப்சாரியோன். அப்பத்தோட சேர்த்துத் தின்கிற சின்ன மீன், சமைத்ததோ உப்புப் போட்டதோ. வாற்கோதுமை அப்பமும் ஏழைகளின் சாப்பாடுதான். அதாவது எங்கட வீட்டுச் சாப்பாடு மாதிரி ஒன்று. கோயில் படங்களில வரைகிற அந்தப் பெரிய பளபளப்பான மீனை நான் இப்போது நம்புவதில்லை.

அம்மா பொரித்துக் கோப்பையில வைக்கிறதைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளையின் கேள்வி திரும்ப வந்தது. கூடவே மாமி ஞாபகமும்.

மாமி வைத்தியத்துக்கு வேலூர் சி.எம்.சி.க்குப் போய் வந்தவ. அங்கிருந்து அந்த ஆஸ்பத்திரியின் கதையை ஒரு சின்னப் புத்தகமாகக் கொண்டுவந்திருந்தா. நான்தான் அவவுக்கு வாசித்துக் காட்டினது. நியூயோர்க்கில ஜோன் ஸ்கடர் என்று ஒரு இளம் டொக்டர், நல்ல வருமானம். நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன வீட்டில கிடந்த ஒரு சிறுநூலை எடுத்து வாசித்தார். அதோட அவருடைய போக்கே மாறிப்போச்சு. 1819இல் குடும்பத்தோட கப்பல் ஏறி இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில பண்டத்தரிப்பில இருந்து வைத்தியம் செய்தார், பிறகு சென்னைக்குப் போனார். அவருடைய பேத்திதான் ஐடா ஸ்கடர். திண்டிவனத்தில ஒரே இரவில பிள்ளைப்பேற்றுக்கு உதவி கேட்டு மூன்று வீட்டு ஆண்கள் வந்தார்கள். ஆண் டொக்டரை, அவருடைய அப்பாவை, அவர்கள் ஏற்கவில்லை. ஐடா அப்போது டொக்டரே இல்லை. விடிய மூன்று தாய்மாரும் செத்துப்போனார்கள். அவர் போய் மருத்துவம் படித்துவிட்டு வந்து 1900இல் வேலூரில வைத்தியம் தொடங்கினார், 1902இல் ஆஸ்பத்திரி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. இன்றைக்கு அங்கே ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான பேர் வைத்தியத்துக்கு வருகிறார்கள். அதில ஒருத்தி எங்கட மாமி.

அந்தச் சிறுநூலை எழுதினவர்கள் இரண்டு பேர், கோர்டன் ஹோல், சாமுவேல் நியூவெல். நியூவெலின் கதையை நான் பிறகுதான் தேடி வாசித்தேன். 1812இல் கப்பலிலேயே அவருக்குப் பிள்ளை பிறந்து செத்தது. கொஞ்ச நாளில மனைவி ஹரியற்றும் மொரிஷியஸில செத்தா, வயசு 19. அதுக்குப் பிறகு தனியாள் இலங்கைக்கு வந்து சில மாதங்கள் இருந்துவிட்டு, பம்பாய்ப் பக்கம் போய் 1821இல் கொலராவில செத்துப்போனார். ஐந்து வருசம் கழித்து ஹோலும் கொலராவிலதான். வேலூரை இரண்டு பேரும் காணவில்லை. ஐடா பிறந்ததே 1870இல். அந்த நூலை அந்த வீட்டில வைத்துவிட்டுப் போனவரின் பெயரையோ நான் எங்கேயும் காணவில்லை.

சின்னதைக் கொடுத்தால் கடவுள் பெரிதாக்கித் தருவார் என்று பிரசங்கத்தில கேட்கிறபோது எனக்கு ஒரு மாதிரி இருக்கும். கொடுத்தவருக்கே காட்டித் தருவார் என்கிற மாதிரி அல்லவா சொல்கிறார்கள். ஹரியற்றுக்கு அவர் எதைக் காட்டினார்? அச்சடித்த எத்தனை நூல்கள் கறையான் தின்று போயிருக்கும்? இது எனக்கு இன்னும் தீராத கேள்விதான். ஆனாலும் கடவுள் என்னை ஏமாற்றுகிறார் என்று நினைத்திருந்த கோபம் அன்றைக்குக் கொஞ்சம் இறங்கிப்போச்சு. விடியக் காலையில அப்பத்தைச் சுற்றிக் கட்டின அந்த அம்மாவும், மகன் பசியோட திரும்பி வரக்கூடாது என்று மட்டும்தானே நினைத்திருப்பா.

பின்னேரம் போதகர் கோல் எடுத்தார். "அடுத்த கிழமைப் பாடம் என்ன பிள்ளை?" என்றார். கடுகு விதை என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மழை விட்டிருந்தது. பிள்ளைகள் இரண்டு பேர்தான். பச்சைக் கலர் பென்சில் முடிஞ்சு போச்சு, திருகோணமலைக்குப் போனால் வாங்க வேணும்.