ககனேந்திரநாத் தாகூருக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய ககனேந்திரநாத் தாகூர் ஐயா அவர்களுக்கு,

பாக் நீரிணைக் கரையில் இருக்கும் மணமேல்குடியிலிருந்து ஓர் ஓவிய ஆசிரியர் வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் மறைந்தது 1938-இல். ஆனாலும் இந்த நன்றியை நாலு பேர் அறியச் சொல்லிவிட வேண்டும் என்பதால் திறந்த மடலாகவே எழுதுகிறேன். உங்கள் படங்கள் இல்லையென்றால், கியூபிசத்தை நான் பிள்ளைகளுக்கு வெறும் பாரிஸ் கதையாகவே சொல்லி முடித்திருப்பேன்.

அந்தக் கதையும் பெரிய கதைதான். 1907-இல் பிக்காசோ 'அவிஞ்ஞோன் பெண்கள்' படத்தை வரைந்தார். அதில் இரண்டு பெண்களின் முகம் ஆப்பிரிக்க முகமூடி போலவே இருக்கும். நெருங்கிய நண்பர்களே திகைத்துப்போனார்கள். அடுத்த ஆண்டு, ஓவியர் செசானின் படங்களிலிருந்து பாடம் கற்றிருந்த ழார்ஜ் பிராக் என்ற ஓவியர், லெஸ்தாக் ஊரின் வீடுகளை வெறும் கட்டிகளாக அடுக்கி வரைந்தார். கனசதுரங்கள் (கியூப்கள்) என்று விமர்சகர் லூயி வொக்செல் கேலி பேச, கேலியே பெயராக நிலைத்தது. பிறகு பிக்காசோவும் பிராக்கும் கிதாரையும் குப்பியையும் துண்டு துண்டாக்கி, முன்புறம், பக்கவாட்டு, மேற்புறம் எல்லாவற்றையும் ஒரே பரப்பில் வைத்தார்கள். 1912-இல் பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியைப் பிக்காசோ படத்திலேயே ஒட்டினார். 1914-இல் போர் வந்தது, பிராக் படைக்குப் போனார், அந்தக் கூட்டு உழைப்பு நின்றது.

எங்கள் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. கரையேற்றிய படகை அணியத்திலிருந்து இயந்திரம் வரை சுற்றிச் சுற்றிப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். நின்ற இடத்திலிருந்து தெரியும் ஒரு பக்கம் மட்டும் படகாகிவிடாது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பார்வையை வைத்து நம் வீட்டை, நம் கதையை வரையலாமா என்று ஒரு பிள்ளை கேட்டால், அதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

கல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகையில் பிறந்தவர் நீங்கள். ரவீந்திரநாத்தின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன், ஓவியர் அவனீந்திரநாத்தின் மூத்த சகோதரர். ஐரோப்பாவுக்குப் போனதே இல்லை. சமூகத்தின் போலித்தனத்தைக் கேலிச் சித்திரங்களில் சாடிவிட்டு, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 1920-களின் தொடக்கத்தில் கியூபிசத்தைக் கையிலெடுத்தீர்கள். அந்த வயதில் கைக்குப் பழகிய பாணியைத் தள்ளிவைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்!

பாரிஸ்காரர்கள் மேசைமேல் கிடந்த பொருளைப் பிரித்துப் பார்த்தார்கள். நீங்கள் வெளிச்சத்தைப் பிரித்தீர்கள். உங்கள் நீர்வண்ணப் படங்களில் படிக்கட்டுகள் மேலேறி எங்கோ மறைகின்றன, சுவர்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன, நடுவே எங்கிருந்தோ ஒளி பாய்கிறது. ரவீந்திரநாத்தின் நாடகங்களுக்கு மேடை அமைத்தவர் நீங்கள். திரையும் விளக்கும் படியும் படத்துக்குள் வந்தது அங்கிருந்துதான் என்று நான் நம்புகிறேன். 'துவாரகாபுரி'யில் கண்ணனின் நகரமே கட்டிகளாக எழுந்து நிற்கிறது. பிராக்கின் வீடுகளில் எனக்குக் கிடைக்காத ஒரு கதை அதில் கிடைக்கிறது.

1922-இல் 'ரூபம்' இதழில் கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் உங்களை ஓர் இந்தியக் கியூபிஸ்ட் என்றே அழைத்து எழுதினார். அந்த டிசம்பரில் கல்கத்தாவில் காண்டின்ஸ்கி, பால் கிளே முதலிய ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளி ஓவியர்களின் படைப்புகள் காட்சிக்கு வந்தபோது உங்கள் படங்களும் உடன் இருந்தன. பின்னாளில், 1959-இல், டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் என்ற ஆங்கிலேய அறிஞர் அவற்றை வலுவற்ற போலிகள் என்று ஒதுக்கினார். பிக்காசோ ஆப்பிரிக்க முகமூடியிலிருந்து எடுத்தால் மேதைமை, வங்காளத்து ஓவியர் பாரிஸிலிருந்து எடுத்தால் நகல் என்ற அளவுகோலை நான் ஏற்கமாட்டேன். வரலாற்றாசிரியர் பார்த்தா மித்தரும் இந்த அநீதியை விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார்.

1930-இல் பக்கவாதம் உங்கள் கையையும் பேச்சையும் முடக்கியது. எஞ்சிய ஆண்டுகளில் வரைய முடியவில்லை. உங்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ பத்தாண்டுக் கியூபிசம்தான். அதற்குள் இவ்வளவு செய்தீர்களே என்று நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது, ஐயா. வெளியூர்க் கருவியை அஞ்சாமல் எடுத்து நம் வீட்டுக் கதையைச் சொல்லலாம் என்று காட்டினீர்கள். அதற்காக என் நன்றி. என் வகுப்புப் பிள்ளைகளின் நன்றியும்.

1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உங்கள் ஓவியங்கள் நாட்டின் கலைச்செல்வங்கள். இந்தியாவில் இருப்பவற்றை விற்பனைக்காக நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அவ்வளவு மதிப்புள்ளவை நம் பள்ளிகளில் அறிமுகமே ஆகாமல் கிடப்பது சரியில்லை. இந்த மடலைப் படிக்கும் ஓவிய ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்தமுறை கியூபிசம் நடத்தும்போது, பிக்காசோவின் படத்துக்குப் பக்கத்திலேயே ககனேந்திரநாத்தின் படம் ஒன்றையும் மாட்டுங்கள்.

நன்றியுடன்,
ஓர் ஓவிய ஆசிரியர்,
மணமேல்குடி