தாதியைத் தேடிய நாட்கள்



எங்கள் மகள் பிறந்து, என் மனைவியின் 26 வார மகப்பேறு விடுப்பு முடிய 20 நாட்களே மீதமிருந்தன. பாட்டிமார் இருவரும் வெளியூரில். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா வேண்டுமென்று தெரிந்தவர்களிடம் சொல்லிவைத்தோம். மூன்று பேர் வந்தார்கள்.

நான் கேள்விகளைத் தாளில் எழுதிவைத்திருந்தேன். முன்பு எந்த வீட்டில் இருந்தீர்கள், ஏன் நின்றீர்கள், ஆதார் நகல் உண்டா என்று வரிசையாகக் கேட்டேன். காவல் நிலைய எழுத்தரைப் போலிருந்தேன் என்று என் மனைவி இன்றும் சொல்வதுண்டு. அக்கேள்விகள் வீணல்ல, நீங்களும் கேளுங்கள். முன்பு வேலை செய்த வீட்டாரை நேரில் கண்டு விசாரியுங்கள். தாய் வீட்டிலிருக்கும்போதே சில நாட்கள் வரச்சொல்லிக் கவனியுங்கள். பிள்ளை வீறிட்டு அழும் வேளையில் ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்பது பேச்சில் தெரிவதில்லை.

"உங்கள் பொறுப்பில் இருந்தபோது பிள்ளை எப்போதாவது விழுந்ததுண்டா?" என்பது என் கடைசிக் கேள்வி. இருவர் இல்லையென்றார்கள். மூன்றாமவர் சற்றுத் தயங்கினார்.

"விழுந்திருக்கு ஐயா. பால் எடுக்கப் போன நேரத்தில் கட்டிலிலிருந்து உருண்டுவிட்டது. உடனே அவங்க அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

மனதுக்குள் அவரை நீக்கிவிட்டேன். அன்றிரவு என் மனைவிதான், "மறைத்திருந்தால் நமக்குத் தெரிந்திருக்குமா?" என்றாள்.

மேவிபோசேத்தின் தாதியை நினைத்தேன் (2 சாமுவேல் 4:4). சவுலும் யோனத்தானும் மாண்ட செய்தி வந்தபோது, 5 வயதுப் பிள்ளையை எடுத்துக்கொண்டு ஓடினாள். அந்த அவசரத்தில் அவன் விழுந்து முடவனானான். அவன் விழுந்ததைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அவள் அவனை விட்டுவிட்டு ஓடவில்லை என்பதை ஒருமுறையும் சொன்னதில்லை. அவளுடைய பெயரும் நமக்குத் தெரியாது. ரெபெக்காளின் தாதி தெபொராளுக்கோ, அவளை அடக்கம்பண்ணின கர்வாலி மரத்துக்கே அழுகையின் பெயரை இட்டார்கள்.

அவர் முன்பிருந்த வீட்டின் தாயைச் சந்தித்தோம். நடந்தது அப்படியே என்றார். மறுபடியும் கிடைத்தால் அவரையே வைத்துக்கொள்வேன் என்றும் சொன்னார்.

சம்பளம் பேசும் நாளில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஞாயிறு மட்டும் வேண்டாம் ஐயா. என் பையன் ஆறு நாளும் பக்கத்து வீட்டில் இருக்கிறான்."

அவருக்கு மகன் உண்டென்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். என் தாளில் அந்தக் கேள்வி இல்லை. போதகர் வீட்டில் ஞாயிறுதான் அதிக வேலையுள்ள நாள். அன்றைக்காகவே முக்கியமாய் ஆள் தேடினோம். பார்வோனுடைய குமாரத்தி தன் கூலியாளிடமே அவள் பெற்ற பிள்ளையைக் கொடுத்தாள், அறியாமலே. நானோ அறிந்த பின்பும், அரைநாளாவது வரச்சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி எனக்கு முன்பே "சரி" என்றுவிட்டாள்.

ஆராதனையில் அவள் கடைசி வரிசையில் அமர்வதையும், பிரசங்கத்தின் நடுவே பிள்ளையோடு வராந்தாவுக்கு எழுந்துபோவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிலர் காரணம் கேட்டீர்கள். காரணம் இதுதான்.