ஆள் கூடியும் வேலை நடக்காத தொழிற்சாலை

1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, பாலியல் தொழிலாளிகளிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் அவை பரிசோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்போதுதான் முதன்முதலாகத் தெரிய வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த எலிசா பரிசோதனை தேடியது வைரஸை அல்ல, வைரஸுக்கு எதிராக உடம்பு தயாரித்த ஆன்டிபாடியை! அம்மை வந்து போனவர் உடம்பில் ஆன்டிபாடி இருந்தால் அது பாதுகாப்பு. எச்.ஐ.வி.யில் மட்டும் ஆன்டிபாடி இருந்தும் ஏன் நோய் போவதில்லை?

ஆன்டிபாடியைத் தயாரிப்பது பி செல். ஆனால் அது தனியாக நல்ல சரக்கு தயாரித்துவிடாது. எந்த பி செல்லின் ஆன்டிபாடி கிருமியை இறுகப் பிடிக்கிறது என்று பார்த்து, தேறியதை வளர்த்து, தேறாததைக் கழிக்க ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். அவர்தான் உதவி டி செல். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த நிணநீர் முடிச்சுக்குள்தான் இந்தத் தேர்வு நடக்கிறது.

எச்.ஐ.வி. நுழைவது சிடி4 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு. உதவி டி செல்லின் மேல் இருப்பது அதே புரதம். ஆரோக்கியமானவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 500 முதல் 1500 சிடி4 செல்கள் இருக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் வருடக்கணக்கில் இது குறைந்துகொண்டே போகும். 200க்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை. இதுவரை பலருக்கும் தெரிந்த கதை.

தெரியாத கதை இனிமேல்தான். 2012, 2013 வாக்கில் வந்த ஆய்வுகள் நோயாளிகளின் நிணநீர் முடிச்சுகளையே எடுத்துப் பார்த்தன. ரத்தத்தில் சிடி4 குறைந்திருந்த பலருக்கு, பி செல்லோடு நேரடியாக வேலை செய்யும் ஒரு வகை உதவி டி செல் மட்டும் முடிச்சுக்குள் கூடியிருந்தது! ரத்தத்தில் மொத்த ஆன்டிபாடி அளவும் அதிகம். ஆனால் தரம் இல்லை. கிட்டத்தட்ட பணவீக்கம் மாதிரி: நோட்டு நிறைய, வாங்கும் சக்தி குறைவு.

காரணம்? டி செல்லின் மேல் பிடி-1 என்று ஒரு பிரேக் இருக்கிறது. நாள்பட்ட தொற்றில் பி செல்கள் அந்த பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கின்றன. பி செல்லை ஊக்குவிக்கும் ஐ.எல்-21 என்ற சமிக்ஞை குறைந்துவிடுகிறது. ஆக ஆள் இருக்கிறார், உத்தரவு வருவதில்லை. போதாததற்கு, வைரஸ் பதுங்குகிற இடமும் இதே செல்கள்தான். வெளியே இருக்கும் வைரஸோ அடிக்கடி உருமாறுகிறது. போன மாதத்து வைரஸுக்குச் செய்த ஆன்டிபாடி இந்த மாதத்து வைரஸைப் பிடிக்காது.

பாதிப்பு எச்.ஐ.வி.யோடு நிற்பதில்லை. ஹெபடைடிஸ் பி, ஃப்ளூ தடுப்பூசிகள் போட்டாலும் பலருக்குப் போதுமான பலன் கிடைப்பதில்லை. பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் பி செல்களும் குறைகின்றன.

இதற்கு வழி உண்டு. இந்தியாவில் 2004 ஏப்ரல் முதல் அரசு கூட்டு மருந்துகளை இலவசமாகத் தருகிறது. முன்பு சிடி4 எண்ணிக்கை குறையும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2017 முதல் தொற்று உறுதியானாலே மருந்து. சீக்கிரம் தொடங்கினால் அந்த நினைவு செல்கள் பெருமளவு தப்பிக்கின்றன. தாமதமானால் சிடி4 எண்ணிக்கை ஏறிய பிறகும் தரம் முழுதாகத் திரும்புவதில்லை. அதனால்தான் இவர்களுக்கு ஹெபடைடிஸ் பி ஊசி போட்ட பிறகு, ஆன்டிபாடி உண்மையிலேயே உண்டாகியிருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்கிறார்கள்.

"உடம்பு நல்லாத்தானே இருக்கு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளியே ஒன்றும் தெரியாத அந்த வருடங்களில்தான் நெறிக்குள் இத்தனையும் நடக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனை இலவசம், முடிவு ரகசியம். யாராவது தயங்கினால் இதைச் சொல்லுங்கள்.