அச்சேறியதோடு முடிவதில்லை

என் அக்காள் மகன் கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றில் 'புரொடக்ட் மேனேஜர்'. அது என்ன உத்தியோகம் என்பது நெடுநாளாக எனக்கு விளங்கவில்லை. அவன் நிரல் எழுதுவதுமில்லை, வடிவமைப்பதுமில்லை. பின் எதற்குச் சம்பளம் என்று சென்ற பொங்கலுக்கு வந்தவனிடம் கேட்டே விட்டேன்.

காலையில் கால் மணி நேரக் கூட்டம். நேற்று நடந்தது என்ன, இன்றைய தடை என்ன. பிறகு, செய்யவேண்டியவை என்றொரு நீண்ட பட்டியல். அதில் முந்துவது எது, வேண்டவே வேண்டாதது எது என்று தீர்மானிக்க வேண்டும். பாவனையாளரோடு பேசவேண்டும். 

"எங்கள் ஆசிரியபீடக் கூட்டமும் இதுதானே?" என்றேன்.

"இல்ல மாமா. பேப்பர் அச்சானா ஒங்க வேல முடிஞ்சிரும். எங்களுக்கு அதுக்கப்புறந்தான் ஆரம்பம். யாருக்குப் போச்சு, வெளங்குச்சா, அத வச்சி என்ன செஞ்சாங்கன்னு பாக்கணும்."

சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குப் பூனாகலை நினைவு வந்தது.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியாபெத்தை தோட்டத்தின் லயங்கள் மண்ணில் புதைந்தன. தப்பியோரிற் சிலர் பூனாகலைத் தமிழ்ப் பாடசாலையில் தங்கியிருந்தனர். செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். அவ்விடம் ஆபத்தானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்ததைப் பற்றி அங்கே பேச்செழுந்தது. ஒரு தாய் என்னைப் பார்த்துக் கேட்டார்: "பேப்பர்லயெல்லாம் போடுவீங்களாமே, எங்ககிட்ட யாருங்கய்யா சொன்னா?"

பதில் சொல்லவில்லை. மண்சரிவு எச்சரிக்கைகளை மூன்று வரியாகச் சுருக்கி, பக்கத்தில் இடம் மிஞ்சினால் போடும் உதவியாசிரியனாகப் பல ஆண்டுகள் இருந்தவன் நான்.

கருவி இல்லாத குறையன்று. கைத்தொலைபேசிக்கு மும்மொழியிலும் அனர்த்த எச்சரிக்கை அனுப்பும் 'டியூன்' என்ற அமைப்பை, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துடன் டயலொக் நிறுவனமும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் மைக்ரோஇமேஜும் சேர்ந்து 2009இலேயே தொடங்கிவிட்டன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேர மழையை அளந்து 75 மில்லிமீற்றருக்கு மஞ்சள், 100க்குச் செம்மஞ்சள், 150க்குச் சிவப்பு என எச்சரிக்கிறது. சிவப்பென்றால் வெளியேற வேண்டும். ஆயினும் 2023 மார்ச் 19 இரவு பூனாகலை கபரகலையில் மீண்டும் மண் சரிந்து லயங்களைச் சிதைத்தது. 

மருமகனிடம் இதைச் சொன்னேன். அவன் அடுக்கிய கேள்விகள் ஒன்றும் கணினி பற்றியவை அல்ல. வீட்டில் போன் யார் கையில்? மின்சாரம் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்? நடுச்சாமத்தில் பணிய லயத்தை யார் எழுப்புவது? அந்நாளில் பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்படித்தார்கள். தப்புக்கு எழுத்தறிவும் வேண்டியதில்லை, சார்ஜும் வேண்டியதில்லை. 

பிறகு, "ஒரு எச்சரிக்கைய நீங்களே எழுதிப் பாருங்க மாமா" என்றான். மில்லிமீற்றரை வெட்டினேன். நல்ல தமிழில் மூன்று வரி: கடும் மழை, மண்சரிவு அபாயம், உடனே பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும். பூனாகலையில் எனக்குப் பழக்கமான கொழுந்து பறிக்கும் பெண்ணொருவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். 

பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "வெளங்குதுங்க. பாதுகாப்பான எடம்னா எதுங்கய்யா? ஸ்கூலு எங்களுக்கு மேல இருக்கு. மேல போறதா, கீழ எறங்குறதா?"

முப்பதாண்டுப் பத்திரிகை அனுபவத்தில் அந்த நான்காவது வரியை நான் எழுதியதே இல்லை. கொழும்பில் இருந்துகொண்டு எழுதவும் முடியாது. அதற்கு, மழைக்கு முன்பே மலையேறி, ஒவ்வொரு லயத்துக்கும் எது வழியென்று கேட்டறிந்து வரவேண்டும். என் மருமகனின் உத்தியோகம் என்னவென்று இப்போது எனக்கு விளங்குகிறது.